இயேசு பிறப்பு இரவுக் காட்சியை பரோக் பாணியில் லினோகட்டாக அச்சிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

லினோலியம் தகட்டை உளியால் வெட்டி, மை தடவி அச்சிடுவதுதான் லினோகட். வெட்டாத லினோ பிளாக்கில் கறுப்பு மை தடவி அச்சிட்டால் முழுக் கறுப்புதான் கிடைக்கும். வெட்டிய இடம் மட்டுமே வெள்ளையாக வரும். அதாவது படம் இருட்டில் தொடங்குகிறது, நீங்கள் வெட்ட வெட்ட வெளிச்சம் உள்ளே வருகிறது. ஆழ்ந்த இருட்டையும் பளிச்சென்ற வெளிச்சத்தையும் மோதவிட்ட 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய பரோக் பாணி ஓவியர்கள் கிறிஸ்து பிறந்த இரவை அமைத்த விதமும் இதுதான் என்பதால், பிரஸ் (அச்சு இயந்திரம்) இல்லாமல் வீட்டிலேயே செய்ய இந்தக் காட்சிக்கு லினோகட் நன்றாகப் பொருந்தும்.

முதல் தடவை செய்பவர்களின் பிரதி பெரும்பாலும் சாம்பல் நிறமாக, சப்பென்று வந்து நிற்கும். உளி பிடிக்கத் தெரியாதது அதற்குக் காரணம் இல்லை. அளவுக்கு மேல் வெட்டிவிடுகிறார்கள். வைக்கோல், ஓடு, மரச்சுவர், மேகம் என்று எல்லாவற்றையும் காட்ட ஆசைப்பட்டு இருட்டைத் தின்றுவிடுகிறார்கள். கீழே வரும் படிகளின் வரிசையே அந்த ஆசையை அடக்கத்தான்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

லினோ: பின்புறம் சணல் துணி ஒட்டிய, சுமார் 3 மி.மீ. தடிமன் உள்ள அசல் லினோலியம். மிருதுவான ரப்பர் பிளாக்குகள் வெட்டச் சுலபம்தான், ஆனால் நெருக்கமான மெல்லிய கோடுகளுக்கு நடுவில் விடும் வரப்பு அதில் நெளிந்துவிடும். இந்தப் படம் முழுக்க அந்த வரப்புகளை நம்பித்தான் நிற்கிறது.

அளவு: ஏ5 போதும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறக்குறைய 1652-இல் செய்த ‘இடையர்களின் வணக்கம்: இரவுக் காட்சி’ எச்சிங்கின் (உலோகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) தகடும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். பெரிய பிளாக் எடுத்தால் பெரிய கறுப்புப் பரப்பு வரும், அதைக் கையால் தேய்த்துச் சீராக அச்சிடுவது புதியவருக்குப் பெரும்பாடு.

உளிகள்: நுண்ணிய வி-உளி ஒன்று, நடுத்தர யு-உளி ஒன்று, பரப்பைச் சுத்தமாக வழிக்க அகலமான யு-உளி ஒன்று. பத்து முனை கொண்ட பெட்டி வாங்கினாலும் கை கடைசியில் இந்த மூன்றுக்குத்தான் போகும். பாலிஷ் பசை தடவிய தோல் துண்டு ஒன்றும் வேண்டும், நடுநடுவே முனையைத் தீட்ட.

மற்றவை: ரப்பர் ரோலர், மை பரப்பக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடு, எஃகுக் கரண்டி, டிரேசிங் பேப்பர், கார்பன் பேப்பர், அழியாத மார்க்கர், முகப்பவுடர். கூடவே பெஞ்ச் ஹூக். ஒரு பலகையின் முன் விளிம்பில் கீழ்ப்பக்கம் ஒரு சட்டமும், பின் விளிம்பில் மேல்பக்கம் ஒரு சட்டமும் அடித்தால் அதுதான் பெஞ்ச் ஹூக். கீழ்ச் சட்டம் மேசை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும், மேல் சட்டத்தில் பிளாக் முட்டி நிற்கும்.

மையையும் காகிதத்தையும் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு துண்டு லினோவில் அரை மி.மீ., ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. அகலத்தில் கோடுகள் வெட்டி, அந்த மையில் அந்தக் காகிதத்தில் அச்சிட்டுப் பாருங்கள். எந்தக் கோடு அடைபடாமல் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் எவ்வளவு மெல்லிசாக வெட்டலாம் என்று சொல்ல முடியும். இந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டாம், 5-ஆம் படியில் மறுபடியும் வேண்டும்.

2. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பென்சிலைத் தொடும் முன் செய்ய வேண்டிய முடிவு இது. பரோக் இரவுக் காட்சிகளில் மூன்று வழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, குழந்தையே விளக்கு. சுவீடனைச் சேர்ந்த புனித பிரிஜித் 1372-இல் பெத்லகேம் போனார். அவர் கண்டதாகச் சொன்ன காட்சியில், குழந்தையிடமிருந்து வந்த ஒளி யோசேப்பின் மெழுகுவர்த்தியை மங்க வைத்தது. ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டச்சு ஓவியர் ஜெரார்ட் வான் ஹொந்தோர்ஸ்ட் 1622-இல் தீட்டிய, இப்போது ஜெர்மனியின் கொலோன் நகரில் இருக்கும் இடையர் வணக்க ஓவியத்தில் மரியா துணியை விலக்குகிறார், குனிந்திருக்கும் முகங்களெல்லாம் கீழிருந்து ஒளிர்கின்றன.

இரண்டாவது, காட்சிக்குள்ளேயே இருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் து லா தூர் அப்படித்தான் அமைத்தார். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய ஓவியத்தில் யோசேப்பு மெழுகுவர்த்தியைப் பிடித்து, சுடரைக் கையால் மறைத்திருக்கிறார். சுடர் நேராகக் கண்ணில் படாததால் அது படும் முகங்களுக்கு வலு கூடுகிறது.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் கைவிளக்கு. முன்னே சொன்ன ரெம்பிராண்டின் எச்சிங்கில் இடையர் ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். தாளில் பெரும்பகுதி இருட்டு, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால்தான் ஆட்கள் ஒவ்வொருவராகத் தெரிவார்கள்.

முதல் முயற்சிக்கு முதல் வழியைத்தான் நான் சொல்வேன். ஒளியின் மையமும் கதையின் மையமும் ஒரே இடத்தில் இருப்பதால் கண் அலையாது. லா தூர் வழி அழகானது, ஆனால் கைவிரல்களின் ஓரத்தில் மட்டும் வெளிச்சத்தை வெட்ட உளிப் பழக்கம் வேண்டும். ரெம்பிராண்ட் வழிக்கு எச்சிங் ஊசியின் நுண்மை தேவை, லினோவில் அது அவ்வளவாக எடுபடாது.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை: குழந்தையிடமிருந்தும் ஒளி, மேலே நட்சத்திரத்திலிருந்தும் ஒளி, வானதூதரிடமிருந்தும் ஒளி. மூன்று பக்கமிருந்தும் வெளிச்சம் விழுந்தால் எந்த முகத்துக்கும் நிழல் கிடையாது. நிழல் இல்லாமல் பரோக் இல்லை. நட்சத்திரமும் ஞானிகளும் மத்தேயு சொல்லும் கதையில் வருகிறார்கள், அதில் ஞானிகள் போவது ஒரு வீட்டுக்குள். இரவில் கிடை காத்த இடையர்கள் லூக்காவில் வருகிறார்கள். லூக்காவை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆட்களும் குறைவு, இருட்டுக்கும் காரணம் கதையிலேயே இருக்கிறது.

3. குடில் சுரூபங்களை வைத்து ஒளியைப் பாருங்கள்

ஒளி எங்கே விழும் என்பதைக் கற்பனையில் கணக்குப் போட வேண்டாம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கும் சின்னச் சுரூபங்கள் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் களிமண்ணில் விரல் உயரத்துக்கு உருவங்கள் பிடியுங்கள். ஒரு சிறிய எல்இடி விளக்கை முன்னணை (குழந்தை கிடக்கும் தீவனத் தொட்டி) இருக்கும் இடத்தில் படுக்க வைத்து, மேலே மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டு, அறை விளக்கை அணையுங்கள்.

இதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலில் முகங்கள். ஒளி கீழிருந்து வருவதால் தாடையின் அடிப்புறம், மூக்கின் அடிப்புறம், புருவ எலும்பின் அடிப்புறம் ஒளிரும். மூக்கின் நிழல் மேல்நோக்கிப் போகும். உச்சந்தலை இருட்டில் கரையும். நம் கை வழக்கமாக மேலிருந்து வெளிச்சம் விழும் முகத்தைத்தான் வரையும். அதனால் சுற்றிலும் இருட்டாக வரைந்துவிட்டு, முகத்தில் மட்டும் நெற்றியை வெள்ளையாக்கி, தாடைக்குக் கீழே நிழல் போட்டுவிடுவார்கள். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் குழந்தையிடமிருந்து ஒளி வருகிறது என்பதை நம்பவும் மாட்டார்.

இரண்டாவது, ஒளி குறையும் வேகம். சிறிய விளக்கிலிருந்து தூரம் இரட்டிப்பானால் விழும் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண் தள்ளி இருக்கும் மரியாவின் கை பளிச்சென்று தெரியும்போது, இரண்டு சாண் தள்ளி நிற்கும் யோசேப்பின் மார்பு மங்கலாகிவிடும். மூன்று சாண் தள்ளி இருக்கும் சுவர் அநேகமாகத் தெரியாது. அந்தச் சுவரில் செங்கல் வெட்ட ஆசைப்படுவதற்கு முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விளக்குக்கும் நமக்கும் நடுவே முதுகைக் காட்டி நிற்கும் உருவம். அது முழுக் கறுப்பாக, தோளிலும் கன்னத்திலும் மட்டும் மெல்லிய வெளிச்ச விளிம்போடு தெரியும். பரோக் ஓவியர்களுக்குப் பிடித்த உத்தி இது. முன்னே ஒரு இருண்ட ஆள் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் இன்னும் ஆழமாகத் தெரியும். லினோவில் அந்த ஆளுக்கு நீங்கள் வெட்ட வேண்டியது ஒரே ஒரு கோடு. இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் இடம் இந்தப் படத்தில் வேறு கிடையாது.

கைபேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்ச அளவைக் கையால் குறைத்து எடுங்கள், இல்லாவிட்டால் கேமரா தானாகவே இருட்டை வெளுப்பாக்கிவிடும்.

4. ஆட்களை நிறுத்துவது

குழந்தை, மரியா, யோசேப்பு, முழங்காலிட்ட இடையர், முதுகைக் காட்டும் இடையர். ஏ5-க்கு ஐந்து பேர் போதும். மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களில் இல்லை. ஏசாயா 1:3-இல் மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும் என்று வருவதிலிருந்துதான் அவை தொழுவக் காட்சிக்குள் நுழைந்தன. வேண்டுமானால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு மூக்கு நுனியும் ஒரு கொம்பு வளைவும் எட்டிப் பார்க்கட்டும், முழு மாட்டை வெட்ட வேண்டாம்.

குழந்தையைத் தாளின் நட்ட நடுவில் வைக்காமல், கொஞ்சம் கீழே, ஒரு பக்கமாக வையுங்கள். எதிர்ப்பக்க மேல் மூலையிலிருந்து குழந்தை வரை தலைகள் ஒரு சாய்வாக இறங்கட்டும். தலைகளெல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் குரூப் போட்டோ ஆகிவிடும். அந்தச் சாய்கோடுதான் பார்ப்பவரின் கண்ணை இழுத்துக்கொண்டு போய்க் குழந்தையிடம் விடுகிறது.

5. நாலு டோனில் ஒரு திட்டம்

லினோவுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு வரப்பும் வெள்ளைக் கோடும் எவ்வளவு நெருக்கமாக மாறி மாறி வருகின்றன என்பதை வைத்துக் கண்தான் சாம்பலைக் கற்பனை செய்துகொள்கிறது. ஆகவே எத்தனை சாம்பல் என்பதை நீங்கள் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

முழு வெள்ளை: வழித்து எடுத்த இடம். குழந்தையும் அது படுத்திருக்கும் துணியின் உள்பக்கமும் மட்டும்.

வெளிர் சாம்பல்: அகலமான வெள்ளைக் கோடு, நடுவே மெல்லிய கறுப்பு வரப்பு. மரியாவின் முகம், கைகள், அருகிலுள்ள வைக்கோல்.

அடர் சாம்பல்: மெல்லிய வெள்ளைக் கோடு, நடுவே அகலமான கறுப்பு. யோசேப்பு, முழங்காலிட்ட இடையரின் உடை.

கறுப்பு: தொடாத இடம்.

முதல் படியில் பத்திரப்படுத்திய சோதனைத் துண்டில் இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி அச்சிட்டு, கண்ணுக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது எந்த இடம் எந்த டோன் என்று அதைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.

அப்புறம் தீப்பெட்டி அளவுக்கு நாலைந்து சின்னப் படங்களைக் கறுப்புக் காகிதத்தில் வெள்ளைப் பென்சிலால் போடுங்கள். வெள்ளைக் காகிதத்தில் கறுப்புப் பென்சிலால் போட்டால் கை பழக்கப்படி நிழலை வரையும், நமக்கு வேண்டியது வெளிச்சத்தை வரையும் பழக்கம். படத்தை எட்டி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தாளில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கறுப்பாக இருந்தால் திட்டம் சரி. பாதிக்கு மேல் வெளுப்பாக இருந்தால், வெட்டத் தொடங்குவதற்கு முன்பே யாரையாவது இருட்டுக்குள் தள்ளுங்கள்.

6. லினோவைத் தயார் செய்து படத்தைத் திருப்பிப் பதிப்பது

லினோவின் மேல்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காய விடுங்கள். பரப்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் மை திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும்.

அடுத்து, தண்ணீரில் கரைத்த பழுப்பு அல்லது சிவப்பு அக்ரிலிக்கை மெல்லிசாகப் பூசிக் காய விடுங்கள். அப்போது வெட்டிய இடம் லினோவின் சொந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும், எவ்வளவு வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது என்பது வெட்ட வெட்டக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இதைச் செய்யாதவர்கள் இருட்டிலேயே வேலை செய்துவிட்டு, அச்சிட்ட பிறகு அதிர்ச்சி அடைகிறார்கள்.

படத்தை டிரேசிங் பேப்பரில் எடுத்து, பேப்பரைக் குப்புறப் போட்டு, கார்பன் வைத்து லினோவில் பதியுங்கள். அச்சில் இடமும் வலமும் மாறும் என்பதால் இந்தத் திருப்பல். மாறினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்கள் உண்டு. இடையர்கள் இடப்பக்கத்திலிருந்து நுழைந்தால், நாம் வாசிக்கும் திசையிலேயே கண்ணும் அவர்களோடு நடந்து குழந்தையிடம் வரும். வலமிருந்து வந்தால் காட்சியின் ஓட்டமே வேறு. வானதூதர் கையில் வாசகம் எழுதிய துணி வைப்பதாக இருந்தால் கேட்கவே வேண்டாம், எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிவிடும். பழைய அச்சுப் படத்தைப் பார்த்து வரைகிறீர்கள் என்றால் இன்னொரு எச்சரிக்கை: ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய அச்சுகளில் பல, மூல ஓவியத்தின் கண்ணாடிப் பிம்பங்கள்.

பதித்த கோடுகளை அழியாத மார்க்கரால் உறுதி செய்யுங்கள். கார்பன் கோடு உள்ளங்கை பட்டு அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும். வெள்ளையாக வேண்டிய இடங்களில் மட்டும் ஒரு சிறு புள்ளி வையுங்கள். கறுப்பாக வேண்டிய இடத்தில் ஒரு குறியும் வேண்டாம். குறி இருந்தால் கை வெட்டிவிடும்.

7. வெட்டும் வரிசை

முதலில் பாதுகாப்பு. உளி போகும் பாதைக்கு முன்னால் மற்றக் கை ஒருபோதும் வரக்கூடாது. லினோவில் குத்துப்படுபவர்கள் பெரும்பாலும் உளி பிடிக்காத கையில்தான் குத்துப்படுகிறார்கள். பிளாக் பெஞ்ச் ஹூக்கில் முட்டி நிற்க, மற்றக் கை உளிக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பிளாக்கைத் திருப்புங்கள்.

லினோ விறைப்பாக இருந்தால் வெயிலில் சில நிமிடம் வைத்து எடுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் காட்டுங்கள். சூட்டில் லினோ இளகும், உளி வழுக்காமல் போகும். ஏசி அறையில் உட்கார்ந்து வெட்டுபவர்கள் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

இனி வரிசை. கை பரபரக்கும் திசைக்கு நேர் எதிர் இது. எல்லாரும் பளிச்சென்ற இடத்தை, அதாவது குழந்தையை, முதலில் வழித்து எடுத்துவிடப் பார்க்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். லினோவில் மெல்லிய கோட்டை எப்போது வேண்டுமானாலும் அகலமாக்கலாம், அகலமானதை மெல்லிசாக்க வழியே இல்லை. எனவே இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டும்.

(அ) விளிம்பு ஒளி. முதுகைக் காட்டும் இடையரின் தோள், கன்னம், கோல் ஆகியவற்றில் நுண்ணிய வி-உளியால் ஒரே ஒரு கோடு. ஒளிக்கு அருகே கோடு தடிக்கட்டும், விலக விலக மெலிந்து மறையட்டும். வி-உளியை ஆழமாக அமுக்கினால் கோடு அகலும், மெல்ல மேலே எடுத்தால் கூர்ந்து முடியும். இந்த ஏற்ற இறக்கம் கைக்கு வந்துவிட்டால் பாதி வேலை வந்த மாதிரி. சோதனைத் துண்டில் பழகிவிட்டு வாருங்கள்.

(ஆ) அடர் சாம்பல். யோசேப்பும் முழங்காலிட்ட இடையரும். கோடுகள் உடலின் வளைவைச் சுற்றிப் போகட்டும்: கையைச் சுற்றி வளையல் மாதிரி, மடிப்பின் மேல் ஏறி இறங்கி. கோட்டின் திசையே உருவத்துக்குத் திரட்சி தரும். ஒளி படாத பக்கத்தில் கோடுகளைச் சும்மா நிறுத்திவிடுங்கள், உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு போட வேண்டாம். யோசேப்பின் முதுகு எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் இந்தப் பாணியின் உயிர். எல்லாருக்கும் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்தால் காட்சி குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் ஆகிவிடும்.

(இ) வெளிர் சாம்பல். மரியாவின் முகமும் கைகளும். முகத்தில் முதலில் தாடையின் அடிப்பகுதியும் மூக்கின் அடிப்பகுதியும், பிறகு கன்னம். கண்களைக் கடைசியாகத் தொடுங்கள், அதுவும் கீழ் இமையில் ஒரு சிறு வெட்டு போதும். ஏ5 அளவில் முகம் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும், அதில் கண்ணிமை மயிர் வெட்டப் போனால் முகமே உடையும். குனிந்து தாழ்ந்த இமை வெட்டவும் சுலபம், காட்சிக்கும் பொருத்தம்.

(ஈ) வைக்கோல். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தாள் முழுக்கச் சிலுசிலுவென்று வைக்கோல் வெட்டினால் அது குழந்தையைவிட அதிகமாகக் கண்ணைப் பறிக்கும். குழந்தைக்கு அருகே பத்துப் பதினைந்து வைக்கோல் இழை, தள்ளிப் போகப் போக ஒன்றிரண்டு, அவ்வளவுதான்.

(உ) குழந்தையும் துணியும். சோதனைப் பிரதி ஒன்று எடுத்துப் பார்த்த பிறகே இதைத் தொடுங்கள். யு-உளியால் வழிக்கும்போது முகம், கைகால்களின் உள்கோடுகளை வரப்பாக விட்டுவிட வேண்டும். படத்தில் கறுப்புக் கோட்டால் வரையப்படும் ஒரே இடம் இதுதான், மற்ற இடமெல்லாம் வெள்ளைக் கோட்டால் ஆனது. இந்த மாற்றத்துக்கு மனதைத் தயார் செய்துகொள்ளாமல் அதே வேகத்தில் வெட்டுபவர்கள் மூக்கையும் சேர்த்து வழித்துவிடுவார்கள்.

குழந்தையைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி கோடுகள் வெட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். ஒளி இருக்கிறது என்பதைச் சுற்றியுள்ள முகங்கள் சொல்லட்டும். கதிர் போட்டால் காலண்டர் படச் சாயல் வந்துவிடும்.

8. சோதனைப் பிரதி எடுத்துப் பார்ப்பது

மை எடுப்பதற்கு முன் வெட்டிய பிளாக்கின் மேல் முகப்பவுடரைத் தூவித் தேய்த்து மேலாகத் துடையுங்கள். வெட்டுகளில் பவுடர் தங்கி, படம் வெள்ளையாகத் தெரியும். செலவில்லாத முதல் சோதனை இது. பிறகு பிரஷ்ஷால் பவுடரை முழுசாகத் தட்டி எடுத்துவிடுங்கள், மிச்சம் இருந்தால் மையில் கலந்து கட்டியாகும்.

அடுத்தது மை போட்ட சோதனை. பிரதியைச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? குழந்தையிடம் போகாவிட்டால், போகும் இடத்தில் அதிகமாக வெட்டியிருக்கிறீர்கள். அதைத் திரும்பக் கறுப்பாக்க முடியாது. குழந்தையை இன்னும் வெளுப்பாக்கியும், மரியாவின் கோடுகளை அகலமாக்கியும் மையத்தைத் தூக்கலாம், ஓரளவுக்கு. ரெம்பிராண்ட் தன் இரவுத் தகட்டில் மறுபடி மறுபடி வேலை செய்து, அதன் பல நிலைகளைத் தனித்தனியாக அச்சிட்டிருக்கிறார். தகட்டில் கோடு சேர்த்தால் இருட்டு கூடும். நமக்கு ஒவ்வொரு திருத்தமும் வெளிச்சத்தை மட்டுமே கூட்டும், ஒருவழிப் பாதை.

எனவே ஒவ்வொரு சோதனைப் பிரதியிலும் அடுத்து வெட்டப்போவதை முதலில் வெள்ளை போஸ்டர் பெயின்ட்டால் தீட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் மட்டும் உளியை எடுங்கள்.

9. மை, காகிதம், தேய்ப்பு

மை: எண்ணெய் சார்ந்த ரிலீஃப் மை (மேடான பரப்பிலிருந்து அச்சிடுவதற்கான மை) நல்லது. பிரஸ் கடைகளில் டின்னில் கிடைக்கும் ஆஃப்செட் கறுப்பையும் பலர் பயன்படுத்துகிறார்கள், அடர்த்தியான கறுப்பு வரும். தண்ணீர் மை நம் ஊர் வெக்கையில் ரோலரிலேயே காய்ந்துவிடுகிறது, பெரிய கறுப்புப் பரப்பு வெளிறித் திட்டாக வருகிறது. இந்தப் படத்தில் கறுப்புதான் முக்கால் பங்கு, அதில் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

காகிதம்: கையால் தேய்ப்பதற்கு மெல்லிய, நார் நீண்ட காகிதம் வேண்டும். ஜப்பானிய கோசோ வகை (ஒருவகை மல்பெரி நாரில் செய்வது) அருமை. 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையுள்ள தடித்த காகிதத்தில் கரண்டியால் தேய்த்து முழுக் கறுப்பு வர வைப்பது கையை நோகடிக்கும் வேலை, அதற்குப் பிரஸ் தேவை.

மையைக் கண்ணாடியில் மெல்லிய படலமாக உருட்டுங்கள். ரோலர் சீரான, மெல்லிய சீறல் சத்தம் எழுப்பினால் அளவு சரி. சப்புச்சப்பென்று ஒட்டும் சத்தம் வந்தாலோ, மை ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாகத் தெரிந்தாலோ அதிகம். அதிக மை மெல்லிய கோடுகளை அடைத்துவிடும், மரியாவின் முகம்தான் முதல் பலி. ஒரே தடவையில் தடிமனாகத் தடவாமல், மெல்லிய படலமாகப் பல தடவை, திசை மாற்றி மாற்றி உருட்டுங்கள்.

அட்டையில் எல் வடிவ மூலை ஒன்று ஒட்டி, பிளாக்கை அதில் முட்ட வையுங்கள். காகிதம் வைக்க இரண்டு குறிகள். இவை இல்லாமல் வைத்தால் ஒவ்வொரு பிரதியிலும் ஓரம் ஒவ்வொரு மாதிரி கோணிக்கொள்ளும்.

காகிதத்தை வைத்ததும் முதலில் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே தடவி ஒட்ட வையுங்கள். பிறகு கரண்டியின் முதுகால் சிறு சிறு வட்டமாகத் தேய்க்கவும். கறுப்பு இடங்களில் அழுத்தி, கோடுகள் நெருங்கும் இடங்களில் இலேசாக. குழந்தை இருக்கும் இடத்தில் அழுத்தவே வேண்டாம், அழுத்தினால் காகிதம் பள்ளத்தில் இறங்கி அடியில் உள்ள மைச்சுவடைத் தொட்டுவிடும்.

எடுப்பதற்கு முன் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெளிறி இருந்தால் மறுபடி படிய வைத்துத் தேய்க்கலாம். மூலையைப் பிடித்துக்கொண்டே பாதி வரை தூக்கி, அந்தப் பாதிக்கு மட்டும் மை ஏற்றி மறுபடி படிய வைப்பதும் உண்டு. முதல் இரண்டு மூன்று பிரதிகள் வெளிறித்தான் வரும், லினோ மையை உறிஞ்சிப் பழக வேண்டும். அதற்குச் சாதாரணக் காகிதத்தைப் பயன்படுத்துங்கள்.

10. இன்னொரு நிறம் வேண்டுமென்றால்

மஞ்சள் கலந்த பழுப்பில் இரண்டாவது பிளாக் ஒன்றைச் சேர்க்கலாம். அதில் குழந்தையையும் துணியையும் மட்டும் வழித்து எடுத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுங்கள். இதை முதலில் அச்சிட்டு, காய்ந்ததும் மேலே கறுப்பு. முன்பு வெள்ளையாக இருந்த கோடுகளெல்லாம் இப்போது மெழுகுவர்த்தி நிறத்தில் வரும், குழந்தை மட்டும் காகித வெள்ளையில் நிற்கும். இத்தாலியில் அச்சுக் கலைஞர் ஊகோ த கார்பி 1516-இல் வெனிஸ் செனட்டிடம் உரிமை கேட்ட கியாரஸ்குரோ மரச்செதுக்கு முறையின் (பல பிளாக்குகளில் வெவ்வேறு அடர்த்தியில் அச்சிட்டு வெளிச்சமும் நிழலும் காட்டுவது) எளிய வடிவம்தான் இது.

முதல் படத்திலேயே இதில் இறங்காதீர்கள். கறுப்பு மட்டும் வைத்து நிற்காத படத்தை நிறம் தூக்கி நிறுத்தாது. நிறம் அடர்த்தியாகப் போனால் கறுப்போடு இருக்கும் வேறுபாடு குறைந்து காட்சியே மங்கும். வெளிறிய சாயலே போதும்.

11. காய வைப்பது, சுத்தம், கையெழுத்து

கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டையாகக் கொடுக்க நினைப்பவர்கள் டிசம்பர் பாதியில் அச்சிட உட்காருகிறார்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. ஈரக்காற்றில் எண்ணெய் மை காய நாட்கணக்கில் ஆகும். நவம்பர் முதல் வாரத்துக்குள் அச்சிட்டு முடித்துவிடுங்கள். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மின்விசிறியை மெதுவாக ஓடவிடலாம். பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க அவசரப்பட்டால் ஒன்றின் கறுப்பு இன்னொன்றின் முதுகில் பதியும்.

பிளாக்கையும் ரோலரையும் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புத் துணியால் துடையுங்கள். லினோவைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், சணல் முதுகு உப்பி வளைந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் கலந்த மையைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடுவது ஆபத்து, அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காய வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

பிரதிகள் காய்ந்ததும் படத்துக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள்: இடப்பக்கம் எண், 3/15 என்பது போல, நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. மொத்த எண்ணிக்கையில் நல்ல பிரதிகளை மட்டும் கணக்கில் சேருங்கள். சோதனைப் பிரதிகளுக்கு எண் கிடையாது, தேதி மட்டும் போட்டுத் தனியாக வையுங்கள். அடுத்த பிளாக் வெட்டும்போது எந்த நிலையில் நிறுத்தியிருக்கலாம் என்று பார்க்க அவை வேண்டியிருக்கும்.